நாலாம் இலக்கம்

சிரிக்கிற இடத்தில் சிரித்துவிடுங்கள், பிள்ளைகளே. ஸ்ரீஸ்கந்தராசாவுக்கும் அந்தச் சுற்றறிக்கையைப் பார்த்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது.

ஒன்பது பக்கம். தலைப்பு: 'முதுநிலை உருவப்படத் தோற்ற ஒழுங்கு: நாற்பத்திரண்டு நாள் ஆயத்தம்.' அனுப்பியது எல்லிங்ஸ்ருட் மொழிமுற்றம். சனிக்கிழமைகளில் ஒரு நோர்வேஜியப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்துத் தமிழ் படிப்பிக்கிற சபை அது.

அங்கே பன்னிரண்டு ஆண்டு படித்து முடிக்கிறவர்களுக்கு முதுநிலை மாணவர் என்று பெயர். அவர்களுடைய படங்கள் முதுநிலைச் சுவரில் தொங்கும். சுவர் என்றால் உண்மையில் சுவர் இல்லை. வாடகைக் கட்டடத்தில் ஆணி அடிக்க உரிமை கிடையாது. நான்கு சில்லுப் பூட்டிய பெரிய பலகை அது. சனி காலை களஞ்சிய அறையிலிருந்து தள்ளிக்கொண்டு வருவார்கள், பின்னேரம் தள்ளிக்கொண்டு போவார்கள். ஒரு சில்லு இறுகிப்போனதால் எப்போதும் இடதுபக்கம் இழுக்கும். ஆனாலும் அதைக் கடக்கும்போது பெற்றோர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

ஸ்ரீஸ்கந்தராசா பஸ் ஓட்டுகிறவர், ட்வெய்ட்டாவில் குடியிருப்பவர். அவருடைய ஒரே மகள் தக்ஷாயினி ஆறு வயதில் மொழிமுற்றத்தில் சேர்ந்தாள். வகுப்புத் தோழிகளின் பிறந்தநாள்களும் கைப்பந்துப் போட்டிகளும் பிடிவாதமாகச் சனிக்கிழமைகளில்தான் வரும். எல்லாவற்றுக்கும் "எனக்குத் தமிழ் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போனவள். பதிலுக்கு அவள் கேட்டது அந்தப் பலகையில் ஒரு படம். தகப்பனும் அதையேதான் கேட்டார். இருவரும் கேட்டது ஒரே படம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பெற்றோர் கூட்டத்தில் தலைவர் ஜெயரத்தினம் மாஸ்ரர் விளக்கமளித்தார்.

"போன வருசம் லண்டனிலை இருந்து வந்த எங்கட பிரதம விருந்தினர் இந்தச் சுவரைப் பாத்தவர். பாத்துட்டு என்ன சொன்னவர்? 'பிள்ளையள் ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி இருக்குதுகள்' எண்டார்." மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்டைக்கு நான் சாப்பிடேல்லை."

"அவர் நல்லவிதமாச் சொல்லியிருப்பார், மாஸ்ரர்," என்றார் கொன்ஸ்ரன்ரைன். அவருடைய மகள் ஷரோனும் அந்த ஆண்டு முதுநிலை.

"நல்லவிதமாச் சொல்லுற ஆள் ஒருக்காப் பாத்தால் காணும். அவர் ரெண்டாந்தரமும் பாத்தவர்."

ஆகவே ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது. முதுநிலை உருவப்படத் தோற்ற ஒழுங்குக் குழு. குரோருட்டில் மணப்பெண் அலங்காரம் செய்கிற நேசமணி அக்கா அதன் முகப் பொறுப்பாளர். அவர் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து விரித்தார். பெயின்ற் கடையில் வாசலுக்கும் வரவேற்பறைக்கும் நிறம் தெரிவுசெய்யக் கொடுக்கிற அட்டை. வெளிறிய ஒன்று முதல் கருத்த பன்னிரண்டு வரை கட்டங்கள்.

"மேக்கப் கொம்பனிக்காரர் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பேர் வைக்கினம், எல்லாம் குழப்பம்," என்றார் நேசமணி அக்கா. "பெயின்ற் கடைக்காரரிட்டைத்தான் ஒழுங்கு இருக்கு."

வாக்கெடுப்பு நடந்தது. மூன்றாம் இலக்கம் பேராசை என்றும், ஐந்தாம் இலக்கம் தன்னம்பிக்கைக் குறைவு என்றும் பேசப்பட்டு, நாலாம் இலக்கம் ஏகமனதாகத் தெரிவானது. பால் கூடிப்போன தேத்தண்ணியின் நிறம். அந்த ஆண்டின் இருபது பிள்ளைகளும் நாலாம் இலக்கத்தில் படத்துக்கு அமரவேண்டும்.

ஸ்ரீஸ்கந்தராசா மெல்ல எழும்பினார். "மாஸ்ரர், என்ரை மகள் என்னை மாதிரி. இந்த அட்டையிலை பாத்தால் பத்து. நாலுக்கு எப்பிடி வாறது?"

"அதுக்குத்தான் நாப்பத்திரண்டு நாள்."

"இல்லை, இப்பிடி நிறம் பாக்கிறது சரியோ எண்டு..."

ஜெயரத்தினம் மாஸ்ரர் அந்த அட்டையின் பன்னிரண்டாம் கட்டத்தையும் தாண்டிய நிறமுடையவர். அவர் பொறுமையோடு சிரித்தார்.

"ஸ்ரீ, நிறம் பாக்கிற பழக்கத்தை ஒழிக்கத்தானே நாங்கள் இவ்வளவு பாடுபடுறம். எல்லாரும் ஒரே நிறமா இருந்தால் பிறகு ஆர் நிறம் பாக்கிறது?"

மண்டபம் கைதட்டியது. ஸ்ரீஸ்கந்தராசாவும் தட்டினார். பக்கத்தில் எல்லோரும் தட்டும்போது கையைச் சும்மா வைத்திருக்க அவருக்குத் தெரியாது.

சுற்றறிக்கையின் முதலாம் விதி, சூரியனைத் தவிர்த்தல். அது மார்ச் மாதம். ஐந்து மாத இருட்டுக்குப் பிறகு ஒஸ்லோவில் வெயில் எட்டிப் பார்க்கிற நேரம். ஊரே சுவரில் சாய்ந்து கண்ணை மூடி முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றது. ட்வெய்ட்டா கடைத்தொகுதி வாசலில் கிழவர்கள் கோப்பியைக் கையில் வைத்தபடி சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டார்கள். அவர்களுக்கு நடுவே தக்ஷாயினி தொப்பி, கழுத்துச் சால்வை, கைக்குடை சகிதம் நிழலுக்கு நிழல் தாவிப் போனாள். மழையா என்று ஒரு கிழவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

பள்ளிக்கூடத்தில் பனிச்சறுக்கு நாள் வந்தது. பனி வெயிலைத் திருப்பி அடிக்கும் என்பதால் குழு அதற்கும் ஓர் ஆயத்தக் கடிதம் வைத்திருந்தது. 'பண்பாட்டுக் காரணங்களுக்காக இம்மாணவிக்குச் சூரிய ஒளியிலிருந்து விலக்கு அளிக்கவும்.' ஸ்ரீஸ்கந்தராசா கையெழுத்து வைத்தார். அடுத்த நாள் அவர் பஸ்ஸைக் கடைசித் தரிப்பிடத்தில் நிறுத்தியிருந்தபோது வகுப்பாசிரியை தொலைபேசியில் அழைத்தார். மிக மரியாதையான பெண்.

என்ன பண்டிகை என்று கேட்டார். நாட்காட்டியில் குறித்துவைத்தால் மற்றப் பிள்ளைகளுக்கும் விளக்கலாம் என்றார்.

"பண்டிகை இல்லை," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா நோர்வேஜிய மொழியில். "புகைப்படம்."

யாராவது காலமாகிவிட்டார்களா என்று ஆசிரியை குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இல்லை. மகளைப் படமெடுக்கிறார்கள்."

"வாழ்த்துகள்," என்றார் ஆசிரியை கடைசியில். வேறென்ன சொல்வார், பாவம். ஸ்ரீஸ்கந்தராசா தொலைபேசியை வைத்துவிட்டு, ஒருவருமில்லாத பஸ்ஸில், யாரும் கேட்டுவிட்டார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாம் விதி, பூச்சு. கடலை மா, தயிர், மஞ்சள். காலை ஒருதரம், மாலை ஒருதரம். கரைக்கிற வேலையைத் தகப்பன் எடுத்துக்கொண்டார். மனைவி புஷ்பமலருக்கு முதியோர் இல்லத்தில் வேலை, சனி ஞாயிறும் போகவேண்டும்.

"இஞ்சேருங்கோ, அவளை விடுங்கோவன்," என்றார் புஷ்பமலர், சப்பாத்தைப் போட்டுக்கொண்டே. "முகம் எரியுதெண்டு சொல்லுறாள்."

"நீர் வேலைக்குப் போயிடுவீர். சனிக்கிழமை அந்தச் சனத்துக்கு முன்னாலை இருக்கிறது நான்."

சனிக்கிழமைகளில் நிறப் பரிசோதனை. நேசமணி அக்கா யன்னலோரமாக ஒரு கதிரை போட்டு, பிள்ளையின் கன்னத்தோடு பெயின்ற் அட்டையை ஒட்டிப் பிடித்து, கொப்பியில் இலக்கம் எழுதுவார். பெற்றோர் வரிசையாக நின்று பார்க்கவேண்டும். முதல் கிழமை தக்ஷாயினி: பத்து. இரண்டாம் கிழமை: பத்து. மூன்றாம் கிழமை மஞ்சள் ஒத்துக்கொள்ளாமல் கன்னம் சிவந்து தடித்துவிட்டது. நேசமணி அக்கா அட்டையை முன்னும் பின்னும் பிடித்துப் பார்த்தார்.

"இது பத்துமில்லை, பதினொண்டுமில்லை. ஸ்ரீ, இது செங்கல். வெளிச்சுவருக்கு அடிக்கிறது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஸ்ரீஸ்கந்தராசாவும் சிரித்தார். தக்ஷாயினி கதிரையிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் கிழமை முறுவல் பயிற்சி. அதை மாஸ்ரரே நடத்தினார். "ஆறு பல்," என்றார். "கூடினால் அடக்கம் இல்லை. குறைஞ்சால் நன்றி இல்லை." பிள்ளைகள் சுவரோரம் நின்று ஆறு பல் காட்டினார்கள். தக்ஷாயினிக்கு முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை ஒரு பல்லாகக் கணக்கெடுப்பதா என்று குழு தனியாகக் கூடி ஆராய்ந்தது. முடிவு எழுத்தில் வந்தது: 'இடைவெளியுள்ளோர் வாய் மூடி முறுவலிக்கவும், நன்றியைக் கண்ணால் தெரிவிக்கவும்.'

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் சொன்னாள். "அப்பா, எனக்கு அந்தப் படம் வேணும். பன்ரண்டு வருசம் போனனான். ஆனால் அதிலை நான் இருக்கவேணும்."

"நீதானே பிள்ளை இருக்கப்போறாய். வேற ஆர்?"

"நாலாம் இலக்கம் இருக்கப்போகுது."

"ஒரு நாள்தானே, குஞ்சு. பூசிப்போட்டுக் கழுவுறது." அவர் கிண்ணத்தில் மாக்கட்டியை விரலால் நசுக்கினார். "மற்றப் பிள்ளையளின்ரை படமெல்லாம் தொங்கேக்கை எங்கட பிள்ளையின்ரை இல்லையெண்டால் நான் எந்த முகத்தோடை அங்கை போறது?"

"உங்கட முகத்தோடை போங்கோ," என்றாள் அவள். பிறகு கன்னத்தைக் காட்டினாள். அவர் பூசினார்.

படமெடுக்கும் நாளில் ஸ்ரீஸ்கந்தராசாவுக்குக் காலை வேலை. மகளை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். மாலையில் "எப்பிடி, பிள்ளை?" என்று கேட்டார். "முடிஞ்சுது," என்றாள். முகம் கழுவித் துடைத்து, வழக்கமான பத்தாம் இலக்கமாக இருந்தாள். அவருக்குப் பெரிய ஆறுதல். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை திரைநீக்கம். ஸ்ரீஸ்கந்தராசா கோட்டுப் போட்டுக்கொண்டார். புஷ்பமலர் வேலையிடத்தில் மாற்று ஆள் கிடைக்காமல் வரவில்லை. மொழிமுற்றத்தின் வழக்கப்படி, படங்களுக்குக் கீழே பெயரைப் பெற்றோரே தங்கள் கையால் ஒட்டவேண்டும். ஒட்டிவிட்டு ஒலிவாங்கியில் இரண்டு வசனம் பேசவேண்டும். பொன் எழுத்துப் பெயர்ப்பட்டிகள் பதிவேட்டைப் பார்த்து முன்கூட்டியே அச்சாகியிருந்தன. ஆளுக்கொரு கடிதஉறை கொடுத்தார்கள். திரை விலகியது.

நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து. இருபது முகங்கள். இருபதும் நாலாம் இலக்கம். அட்டையில் வெட்டிய ஓர் அச்சைப் புருவத்தில் வைத்து நேசமணி அக்கா நூல் போட்டிருந்தார், அதனால் நாற்பது புருவமும் ஒரே வளைவு. பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே கொண்டை, ஒரே பொட்டு, தலை ஒரே பக்கம் சரிவு. மாஸ்ரர் கைதட்டத் தொடங்க, எல்லோரும் தட்டினார்கள்.

பெற்றோர் பலகைக்கு வந்தார்கள். வந்தவர்கள் நின்றார்கள். ஒரு தாய் ஒரு படத்தடியில் பட்டியை ஒட்டப்போய், கையை இழுத்து, பக்கத்துப் படத்தைப் பார்த்து, திரும்ப முதல் படத்துக்கு வந்தார். ஒரு தகப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். பலகை மெல்ல இடதுபக்கம் நகர, எல்லோரும் அதோடு நகர்ந்தார்கள்.

ஸ்ரீஸ்கந்தராசா பெண்பிள்ளைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாய் மூடிய முறுவலைத் தேடினார். அதிலும் ஏழெட்டு. பின்னால் நிற்பவர்கள் தன் முதுகைப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு தகப்பன் எவ்வளவு நேரம் தேடலாம்? இரண்டாம் வரிசையில் மூன்றாவது படத்தில் அவர் கண் நின்றது. இதுதான் என்று தோன்றியது. தோன்றிய உடனே நிச்சயமாகவும் தெரிந்தது. பட்டியை ஒட்டி, பெருவிரலால் அழுத்தி, ஒலிவாங்கிக்குப் போனார்.

"எங்கட பிள்ளை," என்றார். "ஆறு வயசிலை, பென்சில் பிடிக்கத் தெரியாமல் வந்தவள். இண்டைக்கு அந்தப் படத்திலை பாக்கேக்கை, அந்தச் சிரிப்பு அப்பிடியே தாயின்ரை சிரிப்பு."

கைதட்டல் ஓய்ந்தபோது கொன்ஸ்ரன்ரைன் வந்து அவருடைய முழங்கையைத் தொட்டார்.

"ஸ்ரீ, குறை நினையாதையும். நீர் ஒட்டினது எங்கட ஷரோன் மாதிரிக் கிடக்கு."

"இல்லை, கொன்ஸ்ரன். அது தக்ஷா."

"நான் ஷரோனுக்கு நாலாம் வரிசையிலை ஒட்டிப்போட்டன். பிறகு பாத்தால் இஞ்சையும் ஒரு ஷரோன். எனக்கு ஒரு மகள்தானே."

"உமக்கு மாறியிருக்கும்."

"உதட்டுக்குக் கீழை மச்சம் இருக்கு, பாரும்."

"நேசமணி அக்கா பொட்டு வைக்கேக்கை தெறிச்சிருக்கும்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. ஒலிவாங்கி இன்னும் அணைக்கப்படவில்லை. மண்டபம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

தக்ஷாயினி பின் வரிசையிலிருந்து எழும்பி நடந்து வந்தாள். கிட்ட வந்து, தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். ஆனால் ஒலிவாங்கிக்குத் தாழ்ந்த குரல் தெரியாது.

"அப்பா, என்ரை படம் அதிலை இல்லை."

மாஸ்ரர் விரைந்து வந்து ஒலிவாங்கியைப் பொறுப்பேற்றார். சபைக்கு ஒரு சிறு விளக்கம் என்றார். இந்த மாணவி ஒழுங்குக்கு உட்படாத தோற்றத்தில் படத்துக்கு அமர்ந்ததால் அது ஏற்கப்படவில்லை. பதினெட்டு வயது நிரம்பியவர் என்பதால், இந்த நாட்டுத் தனியுரிமைச் சட்டத்துக்கு மதிப்பளித்து, கடிதம் பெற்றோருக்கு அனுப்பப்படாமல் மாணவிக்கே கொடுக்கப்பட்டது. "சட்டத்தை நாங்கள் மீறுறேல்லை," என்றார். "ஆனால் நாலஞ்சு இருபது எண்டு பலகை செய்தாச்சு. ஒரு இடம் வெறுமையாக் கிடந்தால் பாக்கிறவை என்ன நினைப்பினம்? அதாலை ஷரோனின்ரை படத்தை ரெண்டாவது பிரதி எடுத்து வைச்சனாங்கள். குழுவின்ரை கருத்துப்படி அதுதான் ஆகவும் நாலு."

மாஸ்ரர் சுற்றிப் பார்த்தார். அவருடைய முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"ஒண்டை யோசிச்சுப் பாருங்கோ. பெத்த தகப்பன். பதினெட்டு வருசம் வளத்தவர். அவருக்கே வித்தியாசம் தெரியேல்லை. இதைவிட எங்கட குழுவுக்கு என்ன சான்று வேணும்? லண்டன்காரர் இப்ப வந்து பாக்கட்டும்."

கைதட்டினார்கள். முன்பைவிடப் பலமாகத்தான் தட்டினார்கள். ஸ்ரீஸ்கந்தராசாவின் கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் பலகைக்குப் போய் நகத்தால் பட்டியைச் சுரண்டினார். உரியாத பசை. மாஸ்ரர் வந்து அவருடைய தோளில் கை வைத்தார்.

"கிடக்கட்டும், ஸ்ரீ. பன்ரண்டு வருசம் படிச்ச பிள்ளை. பேராவது இருக்கட்டும்."

எல்லிங்ஸ்ருட்டிலிருந்து ட்வெய்ட்டாவுக்குச் சுரங்க ரயிலில் பத்து நிமிடமும் இல்லை. சனிக்கிழமைப் பின்னேரம், பெட்டி பாதி காலி. தகப்பனும் மகளும் எதிரெதிரே இருந்தார்கள்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான், அப்பா. படத்துக்கு முதலே சொன்னனான். நீங்கள் கடலை மாக் கரைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

அவர் தலையைக் குனிந்தார். அவள் தானாகவே தொடர்ந்தாள். "அண்டைக்கு நேசமணி அன்ரி எல்லாம் பூசி முடிச்சவ. கண்ணாடியைப் பாத்தன். எனக்கு ஒருத்தரையும் தெரியேல்லை. போய்க் கழுவிப்போட்டு, தலையையும் என்ரை மாதிரி இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து கதிரையிலை இருந்தன். படமெடுக்கிற பிரசாந்தன் அண்ணை ஒண்டும் கேக்கேல்லை, எடுத்தவர். மாஸ்ரர் வாங்கிப் பாத்துட்டு, இது ஒழுங்கிலை இல்லை எண்டிட்டார். தந்த கடிதத்துக்குக் கையெழுத்து வைச்சுக் குடுத்தன்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

ரயில் நின்றது, கிளம்பியது. யாரோ ஏறினார்கள்.

"அப்பா," என்றாள் தக்ஷாயினி. கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இருபது இருந்தது. அதிலை ஏன் அந்தப் படத்தை நான் எண்டு எடுத்தனீங்கள்?"

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு அந்தக் கேள்வி ஒரு வழி திறந்ததுபோல் இருந்தது. மகளுக்குச் சந்தோசமாக ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தார். உள்ளதையே சொன்னார்.

"அதுதான் பிள்ளை எல்லாத்திலையும் வடிவா இருந்தது."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், ஒரு கணக்குக்கு விடை சரிபார்த்தவளைப் போல. பிறகு பையை மடியில் எடுத்து வைத்து, அதன் வாரைச் சுருட்டி, விரித்து, மறுபடி சுருட்டினாள். அவருக்கு அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. கழுத்திலிருந்து சூடு ஏறிக் காதுமடல் வரை போனது. திருப்பி எடுக்க ஒரு வார்த்தை தேடினார்.

ட்வெய்ட்டா வந்தது. தக்ஷாயினி எழும்பி இறங்கினாள். அவர் எழும்பவில்லை. எழும்பவேண்டும் என்று தெரிந்தது. அவளுக்குப் பின்னால் அந்த ரயில் மேடையில் எப்படி நடப்பது என்பதுதான் தெரியவில்லை. கதவு மூடியது.

கண்ணாடிக்கு வெளியே அவள் திரும்பிப் பார்த்தாள். தகப்பன் பின்னால் இல்லை, உள்ளே கோட்டோடு இருக்கிறார். ஒரு கணம் நின்றாள். பிறகு இரண்டு அடி கிட்ட வந்து, அடுத்ததில் இறங்குங்கோ, நான் இங்கே நிற்கிறேன் என்று கையால் காட்டினாள்.

அவர் தலையாட்டினார். ரயில் கிளம்பியதும் முகத்தை மூடிக்கொண்டார். அடுத்த நிலையமும் வந்தது. கதவு திறந்து கிடந்தது. அவர் இன்னும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டுதான் இருந்தார்.